மஞ்சள் வண்டி போகும் தூரம்: தருமபுரி பக்கம் ஒரு டே ஸ்கூல் எப்படி வளர்கிறது?

(காட்சி: பாலக்கோடு – மாரண்டஅள்ளி சாலை, காலை ஏழே கால். தக்காளிக் கூடை ஏற்றிய டெம்போ, அதன் பின்னால் ஒரு மஞ்சள் பஸ்.)

தக்காளி மண்டிக்குப் போகிற நேரத்தில்தான் இங்கே பள்ளிக்கூட வண்டியும் வரும். புளியமரத்தடியில் மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி, நாலு சாப்பாட்டுப் பை. நாலாவது பை யாருடையது என்று கேட்டேன். வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்காவுக்காம். "கண்ணு, ஜன்னல்ல கைய வெக்காத" என்று பாட்டி சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஹாஸ்டல் பள்ளிகள்தான் நினைவுக்கு வரும். 2014இல் பிளஸ் 2 மாநில முதலிடமே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைக்கு வந்தது. 'பிராய்லர் பள்ளி' என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. கிண்டல் செய்துவிட்டு அங்கேயே அப்ளிகேஷன் வாங்க வரிசையில் நின்றவர்களும் உண்டு. அந்தக் கதையை நிறையப் பேர் பேசிவிட்டார்கள். காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளைகள் படிக்கிற சாதாரண டே ஸ்கூல் எப்படி வளர்ந்தது என்பதுதான் இந்த வீடியோ. பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றின் கதையை ஒரே பள்ளியின் கதைபோலச் சொல்கிறேன். கட்டடத்தைவிட வண்டி போகும் ரூட்டைப் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும்.

(காட்சி: பழைய ஓட்டு வீடு, திண்ணை, சுவரில் மங்கிய அ, ஆ.)

சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், தருமபுரி 68.5, மாநிலத்திலேயே கடைசி. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, அம்மா அதிகம் உள்ள ஊரில் ஃபீஸ் கட்டும் பள்ளி எப்படி ஓடும் என்று கேட்கலாம். அவர்கள்தான் முதலில் வந்தார்கள். ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தவர், மகள் இங்கிலீஷில் பெயர் எழுதுவதைப் பார்க்க ஒரு மாட்டை விற்கவும் தயாராக இருந்தார்.

மெட்ரிகுலேஷன் பள்ளிகள் முதலில் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தவை. 1970களில் மாநில அரசின் கைக்கு வந்தன. 1978இல் அவற்றுக்கென்று தனி விதித்தொகுப்பு வந்தது. அதன் பிறகுதான் பெரிய ஊர்களின் சங்கதியாக இருந்த மெட்ரிக், மெல்ல நம் பக்கத்துச் சிறு ஊர்களுக்கும் வந்தது.

நம் பள்ளியும் அப்படித்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன் வீட்டு முன்கட்டு, இருபது பிள்ளைகள். தாளாளர், ஹெட்மாஸ்டர், பெல் அடிப்பவர் மூன்றும் அவரே. நர்சரி, பிரைமரிக்கு மட்டும் அங்கீகாரம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இப்படித் தொடங்கும் பள்ளி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறும். எல்.கே.ஜி.யில் முதலில் சேர்ந்த அந்த இருபது பேர்தான் எப்போதும் அங்கே சீனியர். அவர்களுக்கு மேலே அண்ணனும் கிடையாது, அக்காவும் கிடையாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "சார், அடுத்த வருஷம் ஆறாவது உண்டா?" உண்டு என்றால் ஒரு அறை கட்ட வேண்டும். இல்லை என்றால் இருபது டி.சி. எழுத வேண்டும். எனக்குத் தெரிந்து, பல தாளாளர்கள் கடன் வாங்கியது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

ஓசூர் பக்கம் கதை வேறு. 1970களில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை வந்தது, பின்னாலேயே பெரிய ஆலைகள். வெளி மாநிலக்காரர்களும் வந்து குடியேறினார்கள். எப்போது டிரான்ஸ்ஃபர் வரும் என்று தெரியாதவர்கள் சி.பி.எஸ்.இ. தேடினார்கள். உள்ளூரிலோ வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் ஏராளம். தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015–16இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. அந்த வகுப்புகளில் தமிழ் எடுத்த ஆசிரியர்களிடம் கேட்டால் தனி வீடியோவே போடலாம்.

(காட்சி: வெறும் திரை. ஐந்து நொடி மௌனம்.)

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் இறங்கின. நம் பள்ளியின் கொட்டகையும் இறங்கியது. மேலே தகரம் ஏறியது. மார்ச் மாதத் தருமபுரி வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து பரீட்சை எழுதியவன் நான். அதனால் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அதே ஆண்டு நில அளவுக்கும் விதி வந்தது. மெட்ரிக் பள்ளிக்கு ஊராட்சி என்றால் 3 ஏக்கர், பேரூராட்சி என்றால் 1 ஏக்கர், நகராட்சி என்றால் 10 கிரவுண்டு, அதாவது 24,000 சதுர அடி. கடைவீதிக்குப் பின்னால் வீட்டு முன்கட்டில் நடக்கும் பள்ளிக்கு அவ்வளவு இடம் எங்கே கிடைக்கும்? கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரிடம் கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் சரியாக இருந்தால்தான் அங்கீகாரம் புதுப்பிப்பார்கள். தாக்குப்பிடிக்க நினைத்தவர்கள் ஊருக்கு வெளியே, மாந்தோப்புக்கும் பைபாஸுக்கும் நடுவில் நிலம் பார்த்தார்கள்.

சரி, பள்ளி ஊரைவிட்டு வெளியே போய்விட்டது. பிள்ளைகள் எப்படி வருவார்கள்? அதற்குத்தான் வண்டி.

முதலில் ஒரு பழைய வேன். ஒரு வேன் நிறைய வேண்டும் என்றால் டவுன் பிள்ளைகள் போதாது. 'அள்ளி' என்று முடியும் ஊர்கள் ஒவ்வொன்றாக ரூட்டில் சேர்ந்தன. ஒரு ஊரில் இரண்டு பிள்ளைகள் ஏறினால் அடுத்த ஜூனில் ஆறு பேர். மகளைத் தனியாக டவுன் பஸ்ஸில் அனுப்பத் தயங்கிய வீடுகள், வண்டி வாசலுக்கே வருகிறது என்றதும் அனுப்பின. வேன் பஸ் ஆனது, பஸ் ஐந்தானது.

2012இல் சென்னைப் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகு பள்ளி வாகனங்களுக்கென்றே சிறப்பு விதிகள் வந்தன. இப்போது மே மாதம் வந்தால் வண்டிகள் எல்லாம் மைதானத்தில் வரிசை கட்டி நிற்கும். அதிகாரிகள் ஏறி, குனிந்து, முதலில் பார்ப்பது தரைப் பலகையை. அப்புறம்தான் அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான்.

ஃபீஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 சட்டப்படி, எவ்வளவு வாங்கலாம் என்பதைக் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்யும். அந்த உத்தரவைக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு. அவர்களுக்கான ஃபீஸை அரசு தர வேண்டும். மற்றபடி இந்தப் பக்கம் டெர்ம் ஃபீஸ் என்பது மாங்காய் விற்ற பணம் கைக்கு வருவதைப் பொறுத்தது. அது எந்தக் குழுவின் உத்தரவிலும் இருக்காது.

(காட்சி: பள்ளி வாசலில் வெளுத்துப்போன ரிசல்ட் ஃப்ளெக்ஸ்.)

2011 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்போடு சமச்சீர் கல்வி, அதாவது அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக்குக்கும் ஒரே பாடத்திட்டம், நிலைத்தது. மெட்ரிக்குக்கென்று தனிப் பாடப்புத்தகம் என்ற பெருமை போனது. அடுத்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. 2017இல் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதே ஆண்டு நீட் வந்தது. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதற்கு ஆறாவது முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எனவே இப்போது ஐந்தாவது முடிந்ததும் டி.சி. கேட்டு வரும் பெற்றோர் இருக்கிறார்கள். முன்பு "ஆறாவது உண்டா?" என்று கேட்ட அதே வாசல்.

(காட்சி: சாயங்காலம் ஐந்தே கால். கடைசி ஸ்டாப்.)

கடைசிப் பையனை இறக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் யாராவது தூங்குகிறார்களா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்தார் அந்த அக்கா. அவர் கையில் காலி சாப்பாட்டுப் பை. அடுத்த ஜூனில் இந்த ரூட் இன்னும் இரண்டு கிலோமீட்டர் நீளும் என்றார் டிரைவர் அண்ணன். அவர் வண்டியைத் திருப்புவதற்குள் எதிரே இன்னொரு பள்ளியின் மஞ்சள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அந்த ஊருக்குள் திரும்பியது.