துணிவா, அடிமை உழைப்பா?

மாண்புமிகு நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் ஆங்கிலேயக் குடியேற்றங்களை நிலைநிறுத்தியது கடலோடிகளின் துணிவா, அடிமைகளின் உழைப்பா என்பது இன்றைய வழக்கு. அடிமைகளின் உழைப்பே என்று வாதிட வந்திருக்கிறேன்.

பாய்மரத்தை நம்பி அட்லாண்டிக்கைக் கடந்தவர்களின் நெஞ்சுரத்தை எனக்கு முன் பேசிய நண்பர் அழகாக எடுத்துரைத்தார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துணிவு மட்டுமே கையிருப்பாக இருந்தபோது நடந்தது என்ன? 1587இல் வட அமெரிக்கக் கரையோரத்து ரோனோக் தீவில் குடியேற இறங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயரைத் தேடி 1590இல் கப்பல் திரும்பியபோது, கம்பத்தில் செதுக்கிய ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. 1607இல் வர்ஜீனியாவில் எழுந்த ஜேம்ஸ்டவுனில், 1609ஆம் ஆண்டின் குளிர்காலப் பஞ்சத்துக்குப் பின் சில நூறு பேரில் ஏறத்தாழ 60 பேரே உயிரோடு இருந்தார்கள்.

அந்த ஊரைப் பிழைக்க வைத்தது புகையிலை. நாற்றுவிட்டு, நட்டு, புழு பொறுக்கி, கொழுந்து கிள்ளி, இலையைப் பக்குவமாகக் காயவைக்கும் வரை ஆள் கேட்டுக்கொண்டே இருக்கும் பயிர் அது. முதலில் பெரும்பாலும் நான்கு முதல் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த ஆங்கில ஏழைகள் உழைத்தார்கள். 1619 ஆகஸ்ட் இறுதியில் ‘வைட் லயன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், அங்கோலாவில் போர்த்துக்கீசியர் ஏற்றியவர்களைக் கடலில் பறித்துக்கொண்டு வந்து, இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை இறக்கியது. உணவுப் பொருளைக் கொடுத்து அவர்களை வாங்கினார்கள்.

அடிமைமுறை ஆப்பிரிக்காவிலும் இருந்தது, அங்கிருந்த அரசர்களே ஆட்களை விற்றார்கள் என்றார் நண்பர். விற்றார்கள், உண்மைதான். ஆனால் அடிமைத்தனத்தை நிறத்தோடு சேர்த்து ஏட்டில் எழுதிச் சட்டமாக்கியவர்கள் யார்? 1640இல் வர்ஜீனியாவில் மூன்று பணியாட்கள் ஒன்றாகத் தப்பியோடிப் பிடிபட்டார்கள். ஐரோப்பியர் இருவருக்கும் நான்காண்டு கூடுதல் உழைப்பு. ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கோ ஆயுள் முழுதும் ஊழியம். நடுவர் அவர்களே, ஒரே குற்றம், ஒரே நீதிமன்றம்!

1662இல் வந்த சட்டம் அதைவிடக் கொடியது. இங்கிலாந்தில் பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. வர்ஜீனியாவிலோ பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்று எழுதினார்கள். எசமானனே அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை, அவனுக்கு வாரிசாகாமல் அவனுடைய உடைமையானது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் சொத்தாக்கிய சட்டத்தைத் துணிவின் கணக்கில் எழுத நண்பர் ஒப்புவாரா?

வணிகம் வேறு, கடலோடி வேறு என்றும் பிரிக்க முடியாது. 1562இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து ஆட்களைக் கொண்டுபோய் விற்ற ஆங்கிலக் கடலோடி ஜான் ஹாக்கின்ஸுக்கு, 1564இல் எலிசபெத் அரசியே கப்பல் கொடுத்தார். கட்டுண்ட ஆப்பிரிக்கரின் உருவம் ஹாக்கின்ஸின் குலச்சின்னத்தில் ஏறியது. 1672இல் தொடங்கிய, அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு அரசரின் தம்பியே தலைவர். அந்த வணிகத்தில் நம் சோழமண்டலக் கரையின் துணிகளும் லண்டன் வழியாகப் போய் மனிதருக்கு மாற்றாகக் கைமாறின. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. மொத்தத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஏற்றியவர்கள் 30 இலட்சத்துக்கும் மேல்.

அந்த உழைப்பின் மதிப்பை நான் கணக்கிட வேண்டியதில்லை, பிரிட்டிஷ் நாடாளுமன்றமே கணக்கிட்டது. 1833இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது 2 கோடி பவுண்டு இழப்பீட்டை ஒதுக்கி, முழுவதையும் உடைமையாளர்களுக்கே கொடுத்தது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அந்த இழப்பீட்டுப் பட்டியலில் வயல் வேலையாள், கைவினைஞர் என்று வகைவகையாக விலை குறித்தார்கள். ஆறு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் அதில் தனி வகை இருந்தது.