ஹென்றி ரியோஸை எந்த அலமாரியில் வைப்பது?

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மூத்த வழக்கறிஞர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் பெருமக்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். ஒரு துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு நீதியரசர் ஐயா தலைமை தாங்க இசைந்தது நமக்குப் பெருமை. இருமுறை தேதி மாறியும் முகம் சுளிக்காமல் வந்திருக்கும் அம்மையாருக்கு என் தனிப்பட்ட நன்றி.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் நாவா 1986-இல் தொடங்கிய, தன்பாலீர்ப்பாளரான கலிபோர்னிய வக்கீல் ஹென்றி ரியோஸ் துப்பறியும் நாவல் வரிசையையும் அதன் வழியில் வந்த நாவல்களையும் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் மூன்று குறை சொன்னார்கள். நீதிமன்றக் காட்சிகள் நம்பும்படி இல்லை. வக்கீல் தன்பாலீர்ப்பாளராக இருப்பது கதைக்குத் தேவையில்லை. கொலையாளி யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். துப்பறிபவருக்கு மட்டுமல்ல, நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்லும் வாசகருக்கும் அந்தக் கடமை உண்டு. முதலில் கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். கடைசி நாளில் யாரும் எதிர்பாராத சாட்சி கூண்டேறுவது நடக்காத காரியம் என்றார் ஒரு நண்பர். கலிபோர்னியாவில் 1990-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 115-ஆம் முன்மொழிவுக்குப் பிறகு, தாம் அழைக்கவிருக்கும் சாட்சிகளின் பெயரை இரு தரப்பும் விசாரணைக்கு 30 நாள் முன்பே கொடுத்தாக வேண்டும். அதற்கு முந்தைய கதை என்றால் அந்தச் சாட்சியைத் தள்ளிவிட முடியாது.

வக்கீல் தடயத்தைக் கையில் எடுத்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள். 1981-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மெரிடித் வழக்கில், கொலையுண்டவரின் பர்ஸ் கிடக்கும் குப்பைத் தொட்டியைக் கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்கிறார். வக்கீல் ஆளனுப்பி அதை எடுத்து வரச் செய்கிறார். இருவரும் பேசியது ரகசியம்தான். ஆனால் பொருளை இடம் மாற்றிவிட்டதால், அது எங்கே கிடந்தது என்ற விவரத்துக்கு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பார்த்துவிட்டு அங்கேயே விட்டிருந்தால் ரகசியம் காப்பாற்றப்பட்டிருக்கும். துப்பாக்கியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் வக்கீல் நாயகர்களை இந்தக் கேள்வியோடு படியுங்கள்.

இப்போது இரண்டாவது குறை. 2011, ஓக்லாந்து, கூட்டாட்சி நீதிமன்றம். எச்.ஐ.வி. மருந்தின் விலையை ஏற்றியது தொடர்பாக இரண்டு பெரிய மருந்து நிறுவனங்களுக்குள் வழக்கு. வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு ஆள் தேர்வு நடக்கிறது. ஒரு கணினித் தொழில்நுட்பர் எழுந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். பேச்சுவாக்கில், அவருடைய துணை ஓர் ஆண் என்பது அவைக்குத் தெரிகிறது. காரணம் சொல்லாமலே சிலரை விலக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டல்லவா? ஒரு தரப்பு வக்கீல் தன் முதல் விலக்கை அவர் மேல் பயன்படுத்துகிறார். எதிர்த்தரப்பு எழுந்து, தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே இவரை விலக்குகிறார்கள் என்று ஆட்சேபிக்கிறது. அவர் அப்படிப்பட்டவரா என்பதே எனக்குத் தெரியாது என்கிறார் விலக்கிய வக்கீல். நீதிபதி அனுமதித்துவிடுகிறார். கணினிக்காரர் வீட்டுக்குப் போகிறார், வழக்கு நடந்து முடிகிறது. மேல்முறையீட்டில், 2014 ஜனவரி 21 அன்று, ஒன்பதாம் சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: பாலின ஈர்ப்பைக் காரணமாக வைத்து ஒருவரை ஜூரியிலிருந்து விலக்கக் கூடாது; விசாரணையை முதலிலிருந்து மீண்டும் நடத்துங்கள். நண்பர்களே, ஒரே ஒரு மனிதரை விலக்கியதற்காக முழு விசாரணையும் செல்லாமல் போனது!

ஜூரி நாற்காலியில் உட்காரவே இந்தப் பாடு என்றால், அந்த ஜூரியின் முன்னால் நின்று வாதாடும் வக்கீலுக்கு எப்படி இருந்திருக்கும்? கொலை நடந்த இரவில் எங்கே இருந்தேன் என்று சொன்னால் விடுதலை, ஆனால் வேலையும் பிள்ளையும் போய்விடும் என்று வாய்மூடி நிற்கும் கட்சிக்காரர், அதே அச்சத்தில் வாழ்ந்த வக்கீலிடம்தான் வாய் திறப்பார். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வரிசை பிறந்த அதே 1986-இல். அந்தத் தீர்ப்பு மாறியது 2003-இல். தீர விசாரித்தால் தெரியும், வக்கீலின் வாழ்க்கையை எடுத்துவிட்டால் கதையில் வழக்கே நிற்காது.

மூன்றாவது குறைக்குள் நான் போகவில்லை. அதைவிட அவசரமான ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். இந்த நாவல்களைத் தன்பாலீர்ப்பு என்று பெயரெழுதிய தனி அலமாரியில் வைக்காதீர்கள். துப்பறியும் நாவல் தேடி வருபவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரோ, நாலு பேர் பார்க்க அந்த அலமாரி முன் நிற்கத் தயங்குவார். ஒரு புத்தகத்துக்கு அலமாரியில் ஓர் இடம்தான் உண்டு, ஆனால் நூற்பட்டியலில் எத்தனை பொருள் தலைப்பு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆகவே துப்பறியும் நாவல்களுக்கு நடுவில், ஆசிரியர் பெயர் வரிசையில் வையுங்கள். முதுகில் வண்ணச் சீட்டு ஒட்டாதீர்கள். பட்டியலில் குற்றப் புனைவு, வழக்கறிஞர்கள், தன்பாலீர்ப்பு என்ற மூன்று தலைப்பிலும் பதியுங்கள். தேடுகிறவர் கண்டுபிடித்துக்கொள்வார், தற்செயலாகக் கை வைப்பவருக்கும் கிடைக்கும்.

இதைத் தீர்மானமாக எழுதி மேசைக்கு அனுப்பியிருக்கிறேன். நூலகர் பெருமக்கள் வழிமொழிய வேண்டும், நீதியரசர் ஐயா இன்றே அவையின் முன் வைக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.