கறுப்பு அங்கி இல்லாத சட்டப் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். 14 வருடம் சைட்டிலும் கான்ட்ராக்ட் பிரிவிலும் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு, 38 வயதில் வணிகச் சட்டத்தில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். அதற்கு முன் சட்டக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. "பி.எல். படிக்காம எப்படி எம்.எல். படிப்பே?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

எம்.எல். என்று நாம் சொல்லும் எல்.எல்.எம். பட்டம் நம் நாட்டில் சட்டப் பட்டதாரிகளுக்கு உரியது. நான் சேர்ந்தது அதில் இல்லை. பெங்களூரு நேஷனல் லா ஸ்கூலில் 'மாஸ்டர் ஆஃப் பிசினஸ் லாஸ்' என்று இரண்டு வருடத் தொலைநிலைப் படிப்பு ஒன்று இருக்கிறது. எந்தத் துறைப் பட்டதாரியும் சேரலாம். எனக்குப் பாடப் புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. தொடர்பு வகுப்புக்கு நாகரபாவி வளாகத்துக்குப் போனேன். அதே இடத்தில் 2014இல் தொடங்கிய பொதுக்கொள்கை முதுநிலைப் படிப்பும் எல்லாப் பட்டதாரிகளுக்கும் திறந்ததுதான். ஆனால் அது முழுநேரம்.

ஏன் மூன்று வருட எல்.எல்.பி.க்கே போகவில்லை என்று கேட்கலாம். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி எல்.எல்.பி.யைக் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். வருகைப் பதிவு 70 சதவீதம் இருக்க வேண்டும். வேலையையும் விடாமல், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அது எனக்கு முடிகிற காரியமாக இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு யாரும் வக்கீல் ஆக முடியாது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 24ஆம் பிரிவில் யார் பதிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட எல்.எல்.பி. வேண்டும். இப்போது அதன் மேல் அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும். நம் ஊரில் பி.ஜி.எல்., அதாவது 'பேச்சலர் ஆஃப் ஜெனரல் லாஸ்' என்ற பட்டம் பலருக்கு நினைவிருக்கும். அஞ்சல் வழியில் படித்து, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட அரசு ஊழியர்கள் ஏராளம். அதை வைத்தும் கோர்ட்டில் ஆஜராக முடியாது. பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் வேறு துறைக்காரர்களையும் எல்.எல்.எம். வகுப்பில் சேர்த்துக்கொள்கின்றன. எல்.எல்.பி. இல்லாமல் அந்தப் பட்டத்தோடு மட்டும் திரும்பி வந்தாலும் இங்கே நிலைமை அதேதான்.

என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி இது தெரியாமல் ஏமாந்தார். ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில் 'சட்ட முதுகலை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சேமிப்பையெல்லாம் எடுத்துக் கட்டினார். படித்து முடித்துப் பதிவு செய்யப் போன இடத்தில், "எல்.எல்.பி. சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்டார்கள். அன்று மாலை அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால், "இதை முடித்தால் நான் எங்கே போய் நிற்கலாம், எங்கே நிற்க முடியாது?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்படியானால் நான் எதற்குப் படித்தேன்? என் மேஜையில் இருந்த காகிதத்துக்காக.

கட்டுமான ஒப்பந்தங்களில் எல்.டி. என்று ஒரு ஷரத்து வரும். வேலை தாமதமானால் வாரத்துக்கு இத்தனை சதவீதம் என்று பில்லில் பிடிப்பார்கள். பத்து சதவீதம் என்று போட்டிருந்தால் பத்தும் போயிற்று என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். எங்களுக்குப் பழக்கம் ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் தரநிலை நூல். கான்கிரீட்டுக்கு என்ன வேண்டுமோ அந்த நூலைத் திறந்தால் அட்டவணையில் எண் இருக்கும். எடுத்துப் போட்டால் கணக்கு முடிந்தது. சட்டத்தையும் அப்படியே படிக்கப் போனேன்.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று அதிலேயே எழுதியிருந்தால், இழப்பு நேர்ந்ததாக நிரூபித்தாலும் நிரூபிக்காவிட்டாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு பெறலாம் என்கிறது அது. 'மேற்படாத', 'நியாயமான' என்ற இரண்டு சொற்களையும் நான் தாண்டிப் போயிருந்தேன். எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் எவ்வளவு நியாயம் என்பது தனிக் கேள்வி. அத்தனை வருடம் எத்தனை பில்லில் வாய் பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அன்றிரவு கணக்குப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

பிறகு தீர்ப்புகளைப் படித்தேன். 1963இல் ஃபதே சந்த் வழக்கு: ஒரு சொத்து விற்பனையில் வாங்கிய 25,000 ரூபாயை முழுவதுமாக வைத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. 2003இல் சா பைப்ஸ் வழக்கு: இரு தரப்பும் முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்ட தொகை என்றால் இழப்பை நிரூபிக்கத் தேவையில்லை என்று, பிடித்த எல்.டி.யை நீதிமன்றம் சரி என்றது. 2015இல் கைலாஷ் நாத் வழக்கு: மனைக்குக் கட்டிய முன்பணத்தை டெல்லி வளர்ச்சி ஆணையம் பறிமுதல் செய்திருந்தது. அதே மனையைப் பின்னால் பல மடங்கு அதிக விலைக்கு விற்றும் இருந்தது. நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடு ஏது என்று கேட்டது நீதிமன்றம். ஒரே பிரிவுதான். எங்கள் அட்டவணையில் இப்படி நடக்காது.

தீர்ப்பைப் படிக்கத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆனது. முதல் தொடர்பு வகுப்பில் ஒரு தீர்ப்பை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு, பெருமையோடு ஆசிரியரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க கோடு போட்டிருக்கறது தோத்துப்போன வக்கீலோட வாதம்" என்றார். தீர்ப்பில் இரு தரப்பு வாதங்களையும் நீதிபதிகள் விரிவாக எழுதிவிட்டுத்தான் தங்கள் முடிவுக்கு வருவார்கள் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்.எல்.பி. படித்தவர்களுக்கு முதல் வருடமே பழகிப்போகிற விஷயம். வெளியிலிருந்து வருகிறவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். கைடு வேண்டாம், முதலில் பேர் ஆக்டை, அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் இருக்கும் புத்தகத்தை வாங்கி, தினமும் நாலு பிரிவு வாய்விட்டுப் படியுங்கள். ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவுக்குக் கீழே உதாரணங்கள் இருக்கும். அவற்றைத் தாண்டாதீர்கள்.

அங்கி இல்லாமலும் சட்டம் உதவுகிற இடங்கள் உண்டு. காப்புரிமை முகவர் தேர்வுக்குச் சட்டப் பட்டமே தேவையில்லை. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம்தான் கேட்கிறார்கள். கட்டுமானத் தகராறுகளில் ஆர்பிட்ரேட்டராக, அதாவது தீர்த்துவைக்கும் நடுவராக, இன்ஜினியர்கள் உட்காருவது வழக்கம். இன்னொன்றும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆயின. '420' என்று நாம் திட்டுவோமே, அந்த மோசடிக் குற்றம் இப்போது 318இல் இருக்கிறது. பழுத்த வக்கீல்களும் எண்களைப் புதிதாக மனப்பாடம் செய்கிற காலம் இது. தயங்குகிறவர்கள் இப்போதே தொடங்கலாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சென்டரிங் கான்ட்ராக்ட் எடுக்கும் சித்தப்பா மகன், பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருந்த ஒர்க் ஆர்டரைக் கொண்டுவந்தான். "கையெழுத்துப் போட்டுடலாமாக்கா?" திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஷரத்தாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பதினேழாவதில், சென்டரிங் பிரிக்கிற தேதியைத் தாண்டினால் பில்லில் பிடித்துவைத்திருக்கும் முழு ரிட்டென்ஷன் பணமும் பறிமுதல் என்று இருந்தது. டிராயிங் தாமதமாகத் தந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவன் அந்த வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு காகிதத்தை மடித்து மறுபடி கவருக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"இதை மட்டும் மாத்தச் சொல்லிட்டு வரேன்க்கா."

நன்றி நேயர்களே, வணக்கம்.