ஒரு கட்டுரைய எத்தன பேரு படிச்சாங்கன்னு எப்படிங்க எண்றது?

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம் நிலத்தடி தண்ணிய பத்தி ஒருத்தர் ஆராய்ச்சி கட்டுரை எழுதி ஆன்லைன் ஜர்னல்ல போட்டிருக்காருன்னு வெச்சுக்கோங்க. பாலக்காடு சித்தூர்ல காலேஜ் பசங்க படிக்கறாங்க, பஞ்சாயத்து ஆளுங்க டவுன்லோடு பண்றாங்க, எல்லை தாண்டி பொள்ளாச்சில ஒரு தென்னை விவசாயி ஃபோன்லயே பாக்கறாரு. இவங்க யாரும் கட்டுரை எழுதற ஆளுங்க இல்ல, அதனால சைட்டேஷன், அதாவது வேற கட்டுரைங்க இத மேற்கோள் காட்டுன எண்ணிக்கை, பூஜ்யம். அப்ப இந்த கட்டுரையால பலனே இல்லைன்னு சொல்லிட முடியுங்களா?

இம்பாக்ட் ஃபேக்டர்னு ஒரு நம்பர் சொல்லுவாங்க. 2022, 2023ல ஒரு ஜர்னல்ல வந்த கட்டுரைகள 2024ல எத்தன தடவ மேற்கோள் காட்டுனாங்களோ, அத அந்த ரெண்டு வருஷ கட்டுரை எண்ணிக்கையால வகுத்தா 2024க்கான நம்பர். அது ஜர்னலோட சராசரிங்க, தனி கட்டுரைக்கு போட்ட மார்க் கெடையாது. அத வெச்சு ஆள எடை போடாதீங்கன்னு 2012லயே சான் பிரான்சிஸ்கோல கூடி டோரான்னு ஒரு பிரகடனமே எழுதுனாங்க, இன்னும் பயோடேட்டால அதத்தான் மொதல்ல தேடறாங்க, இது ரொம்ப தப்பு.

(திரையில்: டவுன்லோடு பட்டன ரெண்டு தடவ அமுக்கற விரல்)

இப்ப யூசேஜ், அதாவது எத்தன தடவ தெறந்து படிச்சாங்க, எறக்குனாங்கங்கற கணக்கு. நெட்டு மெதுவா இருந்தா என்ன பண்றோம், பட்டன திரும்பவும் அமுக்கறோம். அத ரெண்டுன்னு எண்ணுனா கணக்கு கெட்டுச்சு. இதுக்குத்தான் கவுண்டர்னு (COUNTER) ஒரு அமைப்பு, மொத விதிமுறை 2003ல வந்துச்சு. ஒரே ஆளு ஒரே லிங்க்க 30 செகண்டுக்குள்ள ரெண்டு தடவ அமுக்குனா ஒண்ணுதான். தேடுபொறி ரோபோ வந்து போனா சேராது. ஒரே தடவ உக்காந்து மொதல்ல வெப் பக்கத்துல முழுசா படிச்சுட்டு அப்பறம் பிடிஎஃப் எறக்குனா மொத்த ரிக்வெஸ்ட் (எத்தன தடவ எடுத்தாங்க) 2, யூனிக் ரிக்வெஸ்ட் (எந்த வடிவத்துல எடுத்தாலும் ஒரு கட்டுரைக்கு ஒண்ணு) 1. ஆனா அந்த பிடிஎஃப கிளாஸ் வாட்ஸப் குரூப்ல போட்டு மொத்த கிளாஸும் படிச்சாலும் கணக்குல அதே 1தானுங்க!

லைப்ரரில சந்தா பணத்த யூசேஜால வகுத்து, ஒரு டவுன்லோடுக்கு இவ்வளவு செலவு, ஜாஸ்தியா இருக்கு, ஜர்னல நிறுத்துன்னு முடிவெடுக்கறாங்க. தமிழ் டிபார்ட்மெண்ட் மாதிரி பத்து பேரு இருக்கற எடத்துல நம்பர் சின்னதாத்தான் இருக்கும், அவங்களுக்கு அந்த ஜர்னல விட்டா வேற வழி இருக்காது. அதனால நிறுத்தறதுக்கு முன்னாடி அந்த டிபார்ட்மெண்ட்ல போயி கேளுங்க. நிறுத்துன பின்னாடியும் கவுண்டர் ரிப்போர்ட்ல "நோ லைசன்ஸ்" எண்ணிக்கைய பாருங்க, உள்ள போக முடியாம திரும்புனது அதுலதான் பதிவாகும். அந்த நம்பர் மாசாமாசம் ஏறுச்சுன்னா அடுத்த சந்தா பட்டியல்ல அந்த ஜர்னல திரும்ப சேத்துங்க.