தொங்கும் தூணும் ஒரு பிரெஞ்சு வாத்தியாரும்

[காட்சி: தருமபுரி கோட்டைக் கோயில், மல்லிகார்ச்சுனேசுவரர் சன்னதி]

தருமபுரியில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தூணைத் தெரிந்திருக்கும். தரையைத் தொடாமல் தொங்குகிற தூண். வருகிறவர்கள் துண்டை அடியில் விட்டு அந்தப் பக்கமாக இழுத்துப் பார்ப்பார்கள். சின்ன வயதில் நானும் இழுத்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை.

[கேமரா தூணின் உச்சிக்குப் போகிறது]

தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கை நீட்டி நிற்கும் கல்லுக்குப் போதிகை என்று பெயர். இதைப் பார்த்தே கோயிலின் காலத்தைச் சொல்லலாம் என்று காட்டியவர் கபிரியேல் ழூவோ துப்ரேய். 1885-இல் சைகோனில் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1909-இல் புதுச்சேரிக்கு வந்து கல்லூரியில் அறிவியல் நடத்தினார். நடத்தியது அறிவியல், அலைந்தது கோயில் கோயிலாக.

கல்வெட்டு இருந்தால் காலம் தெரியும். இல்லாவிட்டால் தலபுராணம்தான், யுகக் கணக்கில் பேசும்! இவர் ஒரு வேலை செய்தார். காலம் தெரிந்த கோயில்களை வரிசையாக வைத்துக்கொண்டு போதிகையை மட்டும் ஒப்பிட்டார். பல்லவர் போதிகையில் அலை அலையாகச் சுருள். சோழர் காலத்தில் சுருள் போய், சாய்வாக வெட்டிய மொட்டைக் கல். பிறகு அதன் நடுவில் ஒரு துண்டு முன்னால் நீள்கிறது. விஜயநகரத்தில் அந்தத் துண்டின் நுனி மொட்டாகிறது. நாயக்கர் காலத்தில் மொட்டு கனத்து, வாழைப்பூ மாதிரி கீழே தொங்குகிறது. 1914-இல் பாரிசில் இதெல்லாம் புத்தகமாக வந்தது.

காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களைக் கண்டதும் இவர்தான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்த மணிகளைப் பார்த்து, இங்கே ரோமானிய வணிகம் நடந்திருக்கிறது என்று சொன்னவர்களிலும் இவர் உண்டு. 1945-இல் காலமானார். அவர் கதை தனி வீடியோவுக்கானது.

[காட்சி: தூணின் செதுக்கல்கள், அருகில்]

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். 9-ஆம் நூற்றாண்டில் அது நுளம்பர் என்ற அரச மரபின் கையில் இருந்தது. அவர்கள் தூண்களின் சாயல் கன்னட நாட்டுப் பக்கம். அதனால் பல்லவர், சோழர் என்று போகும் அந்த வரிசையில் இவை நேராக உட்காராது.

சோழர்களுக்கு இந்தத் தூண்கள் ரொம்பப் பிடித்துவிட்டன போல. நுளம்பர் நாட்டை வென்றபோது சிலவற்றைப் பெயர்த்துக் காவிரிக்கரைக்கே கொண்டுபோய்விட்டார்கள். திருவையாற்றுக் கோயிலில் சோழ வேலைக்கு நடுவே அவை இன்றும் நிற்கின்றன. கோட்டைக் கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை தனியாகத் தெரியும்.