நாலு இடத்தில் கடன் கேட்டால் கிரிப்பில் பெயர் பழுதாகுமா?

[காட்சி: திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரம், காலை நேரம். சுற்றியுள்ள வீதிகளில் வங்கி, லீசிங் பெயர்ப்பலகைகள்.]

வணக்கம். திருகோணமலையில் ஆட்டோவுக்கோ படகுக்கோ லீசிங் எடுக்கப் போகிறவர் யாரிடம் கதைத்தாலும் ஒரு புத்திமதி கிடைக்கும். "கண்ட கண்ட இடத்தில் கேட்டுப் பார்க்காதே தம்பி, கிரிப்பில் பேர் பழுதாகிவிடும்." இந்தப் பயத்திலேயே முதலில் ஏறின கம்பனியில், அவர்கள் சொன்ன வட்டிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்திமதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்ச உண்மைக்காக நம் சனம் கொடுக்கிற விலை மிகப் பெரியது.

முதலில் கிரிப் என்றால் என்ன? இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாங்கள் கொடுத்த கடன்களின் விவரத்தை அங்கே அனுப்புகின்றன. நீங்கள் புதிதாகக் கடன் கேட்கும்போது அங்கிருந்து உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கின்றன. அவ்வளவுதான். அது யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பதும் அதன் வேலை இல்லை. தீர்மானம் வங்கியுடையது. "கிரிப்பில் பேர் இருக்கு" என்று பயத்தோடு சொல்வார்கள். கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவரின் பெயரும் அங்கேதான் இருக்கும்.

இனி விசாரணைக்கு வருவோம். ஒரு நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதைத்தான் விசாரணை என்கிறோம். எடுத்தால் அந்த விவரமும் அறிக்கையிலேயே பதிவாகும். அடுத்த வங்கி அதையும் பார்க்கும்.

[திரையில்: மாதிரி அறிக்கையின் விசாரணைப் பகுதி. திகதி, காரணம் என்ற இரண்டு நிரல்கள் பெரிதாகத் தெரிகின்றன.]

காரணம் என்ற நிரலைக் கவனியுங்கள். புதிய கடனுக்காக மதிப்பிட்டது என்று ஒரு வரி இருக்கும். ஏற்கெனவே உள்ள கடனாளியை அல்லது பிணையாளியைக் கண்காணிக்கப் பார்த்தது என்று இன்னொரு வரி இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கி பழைய கடனுக்காக அவ்வப்போது பார்ப்பது சாதாரண விஷயம். புதிய கடனுக்கான விசாரணைகள் ஒரே மாதத்தில் வரிசையாக நின்றால்தான் கடன் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். "இந்த ஆளுக்கு என்ன அவசரம்? மற்ற இடங்களில் இல்லை என்று சொல்லிவிட்டார்களா?" அவருக்கு வருகிற நியாயமான கேள்வி இது.

சரி, ஒரு விசாரணையால் ஸ்கோர், அதாவது கடன் கட்டுவதில் உங்களை எவ்வளவு நம்பலாம் என்று காட்டுகிற புள்ளி, எவ்வளவு குறையும்? நாம் யூடியூப்பில் கேட்கிற எண்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோரைப் பற்றியவை. அது 300 முதல் 850 வரை போகும். புதிய கடன் விண்ணப்பத்துக்காக நடக்கும் ஒரு விசாரணை பெரும்பாலானவர்களுக்கு 5 புள்ளிக்கும் குறைவாகவே குறைக்கும் என்று ஃபைகோ நிறுவனமே சொல்கிறது. அந்தப் பதிவு அறிக்கையில் 2 வருடம் இருக்கும், ஆனால் ஸ்கோர் கணக்கில் கடைசி 12 மாதம் மட்டுமே சேரும். மொத்த ஸ்கோரில் புதிய கடன் என்ற பகுதியின் பங்கு 10 சதவீதம், விசாரணை அதற்குள் ஒரு துண்டு. தவணையை நேரத்துக்குக் கட்டினீர்களா என்பதன் பங்கு 35 சதவீதம்.

வீட்டுக்கடனுக்கும் வாகனக் கடனுக்கும் அங்கே ஒரு சலுகையும் உண்டு. ஃபைகோவின் புதிய முறைகளில் 45 நாளுக்குள், பழைய முறைகளில் 14 நாளுக்குள், ஒரே வகைக் கடனுக்காக எத்தனை இடத்தில் கேட்டாலும் அது ஒரே விசாரணையாகவே எண்ணப்படும். வட்டியை ஒப்பிட்டுப் பார்ப்பது புத்தியுள்ளவர் செய்கிற வேலை, அதற்குத் தண்டனை கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். கிரெடிட் கார்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. அஞ்சு கார்டுக்கு எழுதிப் போட்டால் அஞ்சும் தனித்தனியாக விழும்.

இந்த எண்களை அப்படியே தூக்கி இலங்கைக்குப் பொருத்தாதீர்கள். கிரிப் ஸ்கோர் வேறு கணக்கு. ஆனால் அடிப்படை இங்கும் அதுதான்: குறுகிய காலத்தில் குவிகிற விண்ணப்பங்கள் சந்தேகத்தைக் கிளப்பும், ஒன்றிரண்டு விசாரணை யாரையும் கவிழ்க்காது.

[காட்சி: நிலாவெளிக் கடற்கரை. புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றக் காத்திருக்கும் ஃபைபர் படகுகள்.]

இப்போது காசுக் கணக்கு. நிலாவெளியில் படகு ஓட்டும் ஒருவர், படகுக்கும் எஞ்சினுக்குமாகச் சேர்த்து 10 இலட்சம் ரூபாய் கடன் எடுக்கிறார் என்று வையுங்கள். 4 வருடத்தில் கட்ட வேண்டும். ஓரிடத்தில் குறைந்து செல்லும் மீதிக்கு 20 சதவீத வட்டி, மாதத் தவணை ஏறத்தாழ 30,430 ரூபாய். இன்னோரிடத்தில் 16 சதவீதம், தவணை ஏறத்தாழ 28,340 ரூபாய். மாதம் இரண்டாயிரம்தானே என்று தோன்றும். 48 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், ஒரு இலட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு விசாரணைக்குப் பயந்து விடுகிற காசு இது.

அதனால் கேளுங்கள், ஆனால் முறையாகக் கேளுங்கள். வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, ஆவணச் செலவு எவ்வளவு, முன்கூட்டியே முடித்தால் என்ன அபராதம் என்று கேட்க அடையாள அட்டைப் பிரதி தேவையில்லை. வாயால் கேட்டால் கிரிப்பில் எதுவும் பதிவாகாது. விண்ணப்பம் கொடுத்து, நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்தால்தான் அந்த விசாரணை பதிவாகும். நாலு இடத்தில் வாயால் கேளுங்கள், பொருந்தி வருகிற ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் எழுத்தில் கொடுங்கள். ஷோரூமில் நிற்கிறவர் "ஐசி கொப்பியைத் தாங்கோ அண்ணை, நான் எல்லாக் கம்பனிக்கும் அனுப்பிப் பார்க்கிறேன்" என்றால் கொடுக்க வேண்டாம். எந்தக் கம்பனிக்கு என்று கேட்டு, அந்தப் பெயரைப் பிரதியின் மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள்.

விசாரணையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நாம் உண்மையில் பயப்பட வேண்டியதைக் கவனிப்பதில்லை. நம் ஊரில் வருமானம் வருடம் முழுவதும் ஒரே மாதிரி வருவதில்லை. சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். கார்த்திகையில் மழை பிடித்தால் தை வரை கடல் கொந்தளிப்பு. படகுக்காரர், அறை வாடகைக்கு விடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லோருக்கும் கை கட்டிப் போடுகிற மாதங்கள். தவணைத் திகதி மட்டும் மாறாது. ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் நிலுவை என்று அறிக்கையில் வரிசையாக ஏறும். விசாரணையைவிட இந்த வரிசைதான் உங்களைப் பற்றி அதிகம் பேசும். கையெழுத்து வைக்கும் முன்பே சீசன் மாதங்களில் கூடுதலாகவும் மழை மாதங்களில் குறைவாகவும் கட்டுகிற ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஆவணி, புரட்டாதிக் காசில் மூன்று தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். இது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம் என்பது தெரியும். ஆனாலும் இதற்கு மாற்று வழி எனக்குத் தெரியவில்லை.

பிணை நிற்பதும் அப்படித்தான். மச்சானுக்காகப் போட்ட கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் பொறுப்பாக நிற்கும்.

உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையுமா என்று கேட்பார்கள். ஃபைகோவில் குறையாது. இங்கும் சொந்த அறிக்கையை எடுப்பது உங்கள் உரிமை. வங்கிக் கிளை மூலமாகவும் இணையத்திலும் கிரிப்பிடம் கேட்டுப் பெறலாம். கடனுக்குப் போகும் முன்பே எடுத்துப் பாருங்கள்.

கனடாவில் உள்ள உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே ஸ்கோர் 300 முதல் 900 வரை. அங்கே கிரிப் மாதிரி வேலை செய்கிற இரண்டு கம்பனிகளில், கடன் விண்ணப்ப விசாரணையை ஈக்குவிஃபாக்ஸ் 3 வருடமும் டிரான்ஸ்யூனியன் 6 வருடமும் வைத்திருக்கும். அக்கா அங்கிருந்து போன் எடுத்துச் சொல்கிற ஸ்கோர் எண்ணுக்கும் நம் கிரிப் எண்ணுக்கும் தொடர்பில்லை. அங்கே நல்ல ஸ்கோர் இருப்பதால் இங்கே அவருக்குக் கடன் சுலபமாகிவிடாது.

[திரையில்: மீண்டும் மாதிரி அறிக்கை. விசாரணைப் பகுதியில் ஒரு வரி வட்டமிடப்படுகிறது.]

கடைசியாக, அறிக்கை கைக்கு வந்ததும் விசாரணைப் பட்டியலை மேலிருந்து கீழே விரல் வைத்து வாசியுங்கள். நீங்கள் போகாத இடத்தின் பதிவு அங்கே இருந்தால் சும்மா விடாதீர்கள். அடையாள அட்டைப் பிரதி வேறு கைக்குப் போயிருக்கலாம். அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: யார் விண்ணப்பித்தது, எந்தத் திகதி, யார் கையெழுத்து. கிரிப்புக்கும் முறைப்பாடு கொடுங்கள், உங்கள் கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.