ஞாயிறு அறிவிப்பும் அதன் பின்னால் நிற்கும் பதிவேடும்

(தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கத்தோலிக்கப் பங்குகளில் பங்குத்தந்தைக்கு உதவும் உபதேசியார்கள், பங்குப் பேரவைச் செயலர்கள், அறிவிப்பாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அருட்தந்தையரே, அருட்சகோதரிகளே, உபதேசியார்களே, அன்புக்குரிய பேரவைப் பொறுப்பாளர்களே,

"நாளை மறுநாள் மாலை அன்பியக் கூட்டம் நடைபெறும்." அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவான அன்பியத்துக்கான இந்த ஒற்றை வரியில் என்ன பிழை என்று சொல்லுங்கள் பார்க்கலாம். சனி மாலைத் திருப்பலியில் இதைக் கேட்டவர் திங்கட்கிழமை வருவார். அதே தாளை ஞாயிறு காலை வாசித்தால், கேட்டவர் செவ்வாய்க்கிழமை வருவார். இரண்டு நாளும் பாதிக் கூட்டம்தான் கூடும். "ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்று பிறகு நாம் குறைபட்டுக்கொள்வோம். அக்கறை இல்லாமல் போனது தாளை எழுதியவருக்குத்தான். அதனால் முதலாவதாக, "நாளை", "வரும் வெள்ளி", "அடுத்த ஞாயிறு" ஆகிய மூன்று சொற்களையும் அறிவிப்புத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். தேதி, கிழமை, காலையா மாலையா, மணி, இடம் என்று ஐந்தையும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் போடும்போது இது இன்னும் முக்கியம். "நாளை காலை 10 மணிக்கு அடக்கம்" என்று வந்த செய்தி மூன்று நாள் கழித்தும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும். பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் மகன் அதை நம்பிப் பேருந்து ஏறிவிடுவான்.

எங்கே, எப்போது வாசிப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். நற்கருணைக்குப் பின் சொல்லும் மன்றாட்டு முடிந்து, இறுதி ஆசீருக்கு முன்னால், தேவைப்பட்டால் சுருக்கமாக: உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை அறிவிப்புக்குத் தரும் இடம் இதுதான். அந்த மன்றாட்டுக்கு முன்பே ஒலிவாங்கியைப் பிடித்தால், நற்கருணை வாங்கி மௌனமாக முழந்தாளிட்டிருக்கும் பாட்டியின் செபத்தை நாமே கலைக்கிறோம். இறைவார்த்தை மேடையிலும் நிற்காதீர்கள். அது வாசகங்களுக்கும் பதிலுரைப் பாடலுக்கும் உரியது. பக்கத்தில் தனியாக ஒரு தாங்கியை வைத்துக்கொள்ளுங்கள்.

கோவிலூர், எலத்தகிரி, மதகொண்டபள்ளி போன்ற பழம்பங்குகளின் மாவட்டங்கள் நம்முடையவை. உயர்ந்த கூரையும் தடித்த சுண்ணாம்புச் சுவரும் கொண்ட பழைய கோவிலில் குரல் எதிரொலித்து, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழும். அங்கே நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்களுக்கு மேல் வாசித்தால் கடைசி வரிசைக்கு வெறும் இரைச்சல்தான் போகும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். எண்ணையும் பெயரையும் சொன்ன பிறகு ஒரு மூச்சு விடுங்கள். மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 300 சொற்கள். ஐந்தாறு செய்திக்கு அது தாராளம். அதற்கு மேல் இருப்பது பலகைக்குப் போகட்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகத் தேதியையும் இடத்தையும் மட்டுமாவது அந்த மொழியில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

இனி, இந்த உரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். ஓலை.

திருமண அறிவிப்பை நாம் இன்றும் "ஓலை வாசிப்பது" என்றுதான் சொல்கிறோம். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. காகிதமும் கணினியும் வந்த பின்னும் அந்தச் சொல் நிலைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. இந்த வழக்கம் மிகப் பழையது. மறைவாக நடக்கும் திருமணங்களைத் தடுக்க 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதைத் திருச்சபை முழுவதற்கும் விதித்தது. 1563-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம், அடுத்தடுத்த மூன்று கடன்திருநாள்களில், அதாவது திருப்பலிக்கு வரக் கடமைப்பட்ட நாள்களில், திருப்பலியின்போது வாசிக்க வேண்டும் என்று வகுத்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு விவரங்களை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கு விட்டிருக்கிறது. ஆனால் மணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ சொல்வது நம்பிக்கையாளர் ஒவ்வொருவரின் கடமை என்று 1069-ஆம் எண் சட்டம் கூறுகிறது. ஓலை வாசிக்கப்படும்போது கோவிலில் இருக்கும் எல்லோரும் சாட்சிகளாக அழைக்கப்படுகிறார்கள். அதை விரைவாக முணுமுணுத்துவிட்டுப் போகலாமா?

ஓலையில் என்னென்ன இருக்க வேண்டும்? மணமகனின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், சொந்தப் பங்கு, இப்போது குடியிருக்கும் பங்கு, மணமகளுக்கும் அவ்வாறே. இது எத்தனையாவது ஓலை என்பது. தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்ற வரி. இதைக் கடைசி ஓலையில் மட்டுமல்ல, மூன்றிலும் வாசியுங்கள். தாய் பெயரை விட்டுவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கும் பிழை. ஒரே கிளைக் கிராமத்தில் நான்கு சவரிமுத்து, ஐந்து ஆரோக்கியசாமி இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேருடைய தகப்பன் பெயரும் சின்னப்பனாகவே இருக்கும். தாய் பெயரும் அன்பியத்தின் பெயரும்தான் ஆளை அடையாளம் காட்டும். ஓசூரில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைக்குச் சொந்த ஊரில் மட்டும் ஓலை வாசித்தால் போதாது. ஐந்து வருடமாக அவனை அறிந்தவர்கள் ஓசூரில்தான் இருக்கிறார்கள்.

தடை என்றவுடன் பலருக்கும் முன்னரே நடந்த திருமணம்தான் நினைவுக்கு வரும். நம் மாவட்டங்களில் அதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது உறவு. அக்கா மகளைக் கட்டுவதும், மாமன் மகளை, அத்தை மகளைக் கட்டுவதும் இங்கே முறை. முறை என்பதாலேயே குடும்பத்தார் அதைப் பங்குத்தந்தையிடம் சொல்லத் தோன்றாமல் இருந்துவிடுகிறார்கள். திருச்சபைச் சட்டம் எண்ணும் விதம் வேறு. பொது முன்னோரை விட்டுவிட்டு இரண்டு பக்கத்திலும் உள்ள தலைகளை எண்ணுங்கள். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பொது முன்னோர் அந்தப் பெண்ணின் பாட்டி. மாமன் ஒன்று, அக்கா இரண்டு, மகள் மூன்று. அது மூன்றாம் படி. மாமன் மகள் என்றால் மணமகன் ஒன்று, அவன் தாய் இரண்டு, மாமன் மூன்று, மாமன் மகள் நான்கு. நான்காம் படி. பக்கவழி உறவில் நான்காம் படி வரை திருமணம் செல்லாது என்பது 1091-ஆம் எண் சட்டம். மூன்றாம், நான்காம் படிகளுக்கு ஆயர் விலக்கு அளிக்க முடியும். அண்ணன் தங்கை என்ற இரண்டாம் படிக்கு எந்நாளும் விலக்கு கிடையாது. பாட்டன் பாட்டி வரை போய் ஒன்றாகச் சேரும் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் நான்காம் படி. கொள்ளுப் பாட்டன் வரை போனால் ஆறாம் படி, அதில் தடை இல்லை.

விலக்கு வாங்காமல் நடந்தால் அந்தத் திருமணம் செல்லாததாகிவிடும். மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, மூன்றாம் ஓலை வாசித்த பிறகு யாரோ ஒருவர் வந்து "அது அக்கா மகளாச்சே" என்று சொன்னால், ஆயர் இல்லத்துக்கு ஓடும் ஓட்டம் பெண் வீட்டாரைத்தான் அதிகம் வதைக்கும். ஆகையால் உபதேசியார்களே, முதல் நாளே நாலு தலைமுறையை வாய்விட்டுக் கேட்டு ஒரு தாளில் கோடு போட்டு வரைந்துவிடுங்கள். "உறவா?" என்று பொதுவாகக் கேட்டால் "சொந்தம்தான், முறைதான்" என்று பதில் வரும். "பெண்ணின் பாட்டி பெயர் என்ன, பையனின் பாட்டி பெயர் என்ன" என்று கேட்டால் உண்மை வரும்.

வயது. நாட்டுச் சட்டப்படி மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18. நம் இரு மாவட்டங்களிலும் சிறுவயதுத் திருமணம் இன்னும் தீராத துயரம். ஓலை எழுதும் கைதான் இங்கே முதல் காவல். பிறப்புச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் முதல் ஓலையை எழுதாதீர்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் இருக்கிறாள் என்று தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வாசல் பலகையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள்.

அடுத்து, அடிக்கடி மனக்கசப்பை உண்டாக்கும் ஒன்று. "என் மகளுக்கு ஞானஸ்நானச் சான்று வீட்டிலேயே இருக்கிறது, அப்போதே கொடுத்த பழைய தாள், ஏன் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள்?" இதற்கு அலுவலகத்தில் "விதி அப்படி" என்று பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். காரணத்தைச் சொன்னால் யாரும் கோபப்படமாட்டார்கள். ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும், அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டுக்குப் போய், அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். உறுதிபூசுதலும் அங்கேதான் ஏறும். ஆகவே கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய நகலில்தான் அவர் இதுவரை மணமாகாதவர் என்பது தெரியும். பழைய தாள் பழைய நாளின் நிலையை மட்டும்தான் சொல்லும். இதே காரணத்தால், திருமணம் முடிந்த வாரமே இரு பங்குகளுக்கும் அறிவிப்பு அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். அனுப்பாமல் விட்டால், இருபது வருடம் கழித்து வேறொரு ஊரில் ஒரு பெண் ஏமாற வழி திறந்து வைக்கிறோம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். திருமணத்துக்கு மூன்று மாதம் முன்னதாகவே பங்குத்தந்தையைப் பார்க்க வேண்டும் என்று ஆண்டுக்கு இரண்டு முறையாவது அறிவியுங்கள். பேச்சு முடிந்த பின் சொல்லிப் பயனில்லை. வரன் பார்க்கும் நாளிலேயே வீட்டில் நினைவுக்கு வர வேண்டும்.

திருப்பலிக் கருத்துகளுக்கு, அதாவது யாருக்காக, எதற்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்பதற்கு, வருவோம். ஓர் ஏட்டில் தேதி, கேட்டவர் பெயர், கருத்து, காணிக்கை, நிறைவேற்றிய நாள் என்று ஐந்து பத்தி வேண்டும். இறந்தவர் பெயருக்கு முன் சிவப்பு மையில் சிலுவைக்குறி போடுங்கள். இந்தச் சின்னக் குறி இல்லாததால்தான், பிறந்தநாள் நன்றிக்காகக் கொடுத்தவரின் பெயர் "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசிக்கப்பட்டு, அந்தக் குடும்பம் கண்ணீரோடு வெளியே போகும் நிலை வருகிறது. பல கருத்துகளை ஒரே திருப்பலியில் சேர்ப்பதற்கும் வரம்பு உண்டு. 1991-ல் வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் வெளியிட்ட ஆணைப்படி, கொடுத்தவர்கள் அறிந்து சம்மதித்திருக்க வேண்டும், இடமும் நேரமும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. காணிக்கை கொடுக்க இயலாதவர்களின் கருத்துக்கும் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு குருக்களை வலியுறுத்துகிறது. இதை நாம் அறிவிப்பதே இல்லை. அறிவிக்க வேண்டும். கைம்பெண் ஒருத்தி, கையில் காசில்லை என்பதற்காகக் கணவனின் முப்பதாம் நாளை மௌனமாகக் கடத்திவிடக் கூடாது.

திருவிழாக் கணக்கு. நம்பிக்கையாளர் கொடுத்ததற்கு அவர்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287-ஆம் எண் சட்டம். வரவு, செலவு, மீதி, எந்தத் தேதி வரை என்று நாலு வரி போதும், விவரம் பலகையில். கொடியிறக்கிய ஒரு மாதத்துக்குள் வாசித்துவிட்டால் பேச்சு எழாது. நன்கொடையாளர் பட்டியலைத் தொகையோடு வாசிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்து ரூபாய் போட்டவளின் பெயர் அந்தப் பட்டியலில் வருவதில்லை. இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் பார்த்த பார்வையோடு அந்த வழக்கம் ஒத்துப்போகாது.

கூட்ட நேரம் பற்றி ஒரு சொல். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும். சிப்காட்டில் வேலை செய்பவர்கள் முறை மாறி மாறிப் போவார்கள். மாலை 6 மணிக்குக் கூட்டம் என்று வைத்துவிட்டு ஆண்கள் வரவில்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை. கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலி மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான். ஆகவே அந்த ஊர் உபதேசியார் கையில் அவ்வூருக்கென்று தனித்தாள் போக வேண்டும். மையப் பங்கின் தாளை நகலெடுத்துக் கொடுத்தால், தங்களுக்குப் பொருந்தாத ஏழு செய்திக்கு நடுவில் தங்களுக்கான ஒன்று தொலைந்துபோகும்.

கடைசியாகப் பழைய பதிவேடுகள். நம் தருமபுரி மறைமாவட்டம் 1997 ஜனவரி 24 அன்று சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சேலம் மறைமாவட்டம் 1930-ல் புதுச்சேரி, மைசூர், கும்பகோணம் பகுதிகளிலிருந்து பிறந்தது. ஆட்சி எல்லை எத்தனை முறை மாறினாலும் ஞானஸ்நான ஏடு கோவிலோடுதான் இருந்துவந்திருக்கிறது. பழைய ஏடுகளில் பெயர்கள் லத்தீனில் இருக்கும். சூசை என்று தேடினால் கிடைக்காது, யோசேப்புஸ் என்று தேட வேண்டும். இராயப்பன் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவானஸ். அந்த ஏடுகளை லேமினேஷன் செய்யாதீர்கள்; சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும். இரும்பு அலமாரியைச் சுவரை விட்டு அரை அடி தள்ளி வையுங்கள், கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். ஒவ்வொரு பக்கத்தையும் நிழற்படம் எடுத்து, ஒரு பிரதியை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

வாசித்து முடித்த ஞாயிறு தாளையும் தூக்கி எறிய வேண்டாம். தேதியும் வாசித்தவர் கையெழுத்தும் போட்டு ஒரு கோப்பில் சேருங்கள். "எங்கள் ஓலை இரண்டு முறைதான் வாசிக்கப்பட்டது" என்று யாராவது வந்தால் எடுத்துக் காட்ட அது இருக்கும்.

திருப்பலி முடிந்ததும் பத்து நிமிடம் கோவில் வாசலில் நில்லுங்கள். காது கேளாத பெரியவர் தேதியைத் திரும்பக் கேட்பார். ஓலையைக் கேட்ட ஒருத்தி, எல்லோரும் போகட்டும் என்று தூண் ஓரமாகக் காத்திருப்பாள். அவள் சொல்வதை அங்கே யாரிடமும் பேசாமல், பங்குத்தந்தை அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.